பரீட்சைக்கு முந்தின நாள்

நான் அந்த மலைக்குப் போய்ச் சேர்ந்த அன்றைக்கே ஒரு சாவு வீடு எனக்காகக் காத்திருந்தது.

பெரகலச் சந்தியில் பஸ்ஸை விட்டு இறங்கியபோது மழை பிடித்துக்கொண்டது. கையில் ஒரு பெட்டி, தோளில் ஒரு பை. கடை ஓரமாக ஒதுங்கி நின்ற என்னை ஓர் ஆட்டோக்காரர் ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "புதுச் சாமிங்களா?" என்றார். ஆமாம் என்றேன்.

"நல்லவேளை வந்துட்டீங்க. காலையிலேருந்து பெட்டிய வச்சிக்கிட்டு உக்காந்திருக்காங்க" என்று சொல்லி என் கையிலிருந்ததை வாங்கி உள்ளே வைத்தார். எந்தப் பெட்டியைச் சொல்கிறார் என்று எனக்கு விளங்கவில்லை. கொஸ்லந்த போகும் பாதையில் கொஞ்ச தூரம் இறங்கி, பிறகு தோட்டத்துப் பாதையில் குலுங்கிக் குலுங்கி ஏறும்போதுதான் விவரம் சொன்னார். ஒரு தொழிலாளி இறந்துபோயிருந்தார். வேதக்காரர், அதாவது கத்தோலிக்கர். பங்குக்குச் சாமியார் இல்லாமல் ஒரு வருஷம் ஆகப்போகிறது. முன்பிருந்தவர் நோயில் விழுந்து போய்விட்டார். இன்றைக்குப் புதியவர் வருகிறார் என்று யாரோ சொன்னதைக் கேட்டு, அடக்கத்தைத் தள்ளி வைத்திருந்தார்கள்.

நான் மணப்பாறைப் பக்கத்துக்காரன். வெயிலும் ஆடும் புழுதியும்தான் எனக்குத் தெரிந்த உலகம். மிஷன் வேலைக்கு வெளிநாடு அனுப்பப்போகிறோம் என்று எங்கள் சபைத் தலைவர் சொன்னபோது ஆப்பிரிக்கா என்று நினைத்துக்கொண்டேன். இலங்கை என்றதும் கூடப் படித்தவர்கள் சிரித்தார்கள். "அது வெளிநாடா? நம்ம ஆளுங்கதானே இருக்காங்க" என்றார் ஒருவர். எனக்கும் அப்படித்தான் பட்டது. மொழி கற்க வேண்டாம், சாப்பாடு பழக வேண்டாம்; மூன்று வருஷம் இருந்துவிட்டுத் திரும்பலாம் என்று கணக்குப் போட்டுக்கொண்டு வந்தவன் நான்.

சாவு வீட்டில் தப்பு அடித்துக்கொண்டிருந்தார்கள். லயத்து வாசலில் வெள்ளைக் கொடி நனைந்து தொங்கியது. லயம் என்றால் ஒரே கூரைக்குக் கீழே வரிசையாகக் கட்டிய அறைகள்; ஓர் அறைக்கு ஒரு குடும்பம். அந்த அறையைக் காம்பரா என்கிறார்கள். செத்தவர் கசிப்பு என்கிற கள்ளச் சாராயத்தைக் குடித்துக் குடித்து ஈரல் கெட்டுப் போனவர் என்று பின்னால் தெரிந்தது. அன்றைக்கு எனக்குத் தெரிந்ததெல்லாம் பெட்டிக்குள் ஒரு மஞ்சள் பூத்த முகம், தலைமாட்டில் ஒரு பெண், அவளுக்குப் பக்கத்தில் பள்ளிக்கூட வெள்ளைச் சீருடையில் அவள் மகள்.

நான் செபப் புத்தகத்தை எடுத்து நிதானமாக ஆரம்பித்தேன். புதிய இடம், முதல் நாள். நன்றாகச் செய்ய வேண்டும் என்று இருந்தது. கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்த அந்தப் பெண் எழுந்து என் பக்கத்தில் வந்து, "சாமி, சுருக்கா முடிங்க. பொதைகாட்டுக்கு எறக்கம். மழை கூடுனா தூக்குறவங்க வழுக்கி விழுந்துருவாங்க" என்றாள். அழுது வீங்கிய முகம்தான். ஆனால் குரலில் அழுகை இல்லை. இருந்தவரோடு பட்டதெல்லாம் போதும், போனவரை ஒழுங்காகக் கொண்டுபோய்ச் சேர்ப்போம் என்கிற மாதிரி இருந்தது.

குழிக்குள் தண்ணீர் நின்றது. பெட்டியை இறக்கியதும் அது ஒரு கணம் மிதந்து ஒரு பக்கமாகச் சாய்ந்தது. இரண்டு பேர் மண்வெட்டிக் காம்பால் அமுக்கிப் பிடிக்க, மற்றவர்கள் மண்ணைத் தள்ளினார்கள். நான் தீர்த்தம் தெளித்தேன். அந்த மழையில் எது தீர்த்தம் எது மழை என்று யாருக்கும் தெரிந்திருக்காது.

இப்படித்தான் அந்தப் பங்கில் என் வாழ்க்கை ஆரம்பித்தது.

கோயில் பழையது. கூரை தகரம். மழை பெய்தால் நான் பிரசங்கம் வைப்பது எனக்கே கேட்காது. பின்னால் எனக்கு இரண்டு அறை. சுவரில் பூஞ்சணம் படர்ந்து, உடுப்பெல்லாம் எப்போதும் ஈர வாடை அடித்தது. காலில் அட்டை கடித்த இடங்கள் சொறிந்து புண்ணாகி, அந்தப் புண் ஆறுவதற்குள் பக்கத்தில் இன்னொன்று வந்துவிடும். மத்தியானத்துக்கு மேல் மூடுபனி இறங்கினால் முற்றத்து முனையில் நிற்கிற ஆள் தெரியாது. போனில் அம்மாவோடு பேச வேண்டுமானால் மேட்டிலுள்ள பாறையில் ஏறி நிற்க வேண்டும். வீடியோவில் என்னைப் பார்த்து, "மொகம் கறுத்துப் போச்சே" என்பாள். குளிர்ப் பிரதேசத்தில் இருக்கிறவன் எப்படிக் கறுப்பான் என்று சிரித்து மழுப்புவேன். முதல் சில மாதங்களில் அந்தப் பாறையில் நின்று, திரும்பி வருகிறேன் என்று சொல்லிவிட வாயெடுத்து, சொல்லாமலே இறங்கி வந்திருக்கிறேன்.

புருஷனைப் புதைத்த அந்தப் பெண்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து, "கோயிலக் கூட்டுறதுக்கு ஆள் இல்லையே சாமி, நான் வாரேன்" என்றாள். நாற்பதைத் தாண்டியவள். நான் அக்கா என்று கூப்பிட்டேன். பகலெல்லாம் கொழுந்து பறித்துவிட்டுச் சாயங்காலம் வருவாள். பீடத் துணியைத் துவைத்து அடுப்புக்கு மேலே கட்டிக் காயவைப்பாள். வெயிலில் காயும் என்று நம்பி நான் கொடியில் போட்டு, அது நாலு நாள் ஈரமாகவே கிடந்ததைப் பார்த்து அப்படிச் சிரித்தாள்.

"எங்க தாத்தாவோட அப்பாவும் உங்க திருச்சிப் பக்கந்தானாம்" என்றாள் ஒருமுறை.

"எந்த ஊர்?"

"அதெல்லாம் யாருக்குத் தெரியும்? தெரிஞ்சா மட்டும் என்ன, கூப்புட்டு ஒக்கார வைக்கவா போறாங்க?" என்று சொல்லிவிட்டு வாளியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

அவள் நாக்கு அப்படி. ஆனால் மகளைப் பற்றிப் பேசும்போது மட்டும் குரல் இறங்கும். மகள் பதுளையில் கன்னியர் நடத்தும் விடுதியில் தங்கி உயர்தரம், நம் ஊர் பிளஸ் டூ மாதிரி, படித்துக்கொண்டிருந்தாள். அந்த லயத்திலிருந்து அவ்வளவு தூரம் படிக்கப் போன முதல் பெண். "இவ மட்டும் இந்தக் கூடையத் தலையில மாட்டக்கூடாது சாமி. வேற எதுவும் நான் மாதாகிட்ட கேக்கல" என்பாள். லீவுக்கு மகள் வந்தால் அடுப்படிப் பக்கம் விடமாட்டாள். "நீ படி" என்பாள். அந்தப் பிள்ளை அதிகம் பேசாது. தாயின் வாய்க்குப் பக்கத்தில் யாராக இருந்தாலும் பேச இடம் கிடைக்காது என்றுதான் நான் நினைத்துக்கொள்வேன்.

மறு வருஷம் மழைக்கு முன்னால் அந்தக் குளவிக் கூடு பேச்சுக்கு வந்தது. மேல் மலையில், தேயிலைக்கு நடுவே நின்ற ஓர் உயரமான மரத்தில், ஒரு மூட்டை அளவுக்குக் கூடு தொங்குவதாகப் பெண்கள் சொன்னார்கள். இரண்டு பேருக்கு ஏற்கெனவே கொட்டியிருந்தது. தோட்டத்துச் சங்கத் தலைவரோடு நானும் ஆபீசுக்குப் போனேன். மேனேஜர் மரியாதையாக உட்காரச் சொல்லித் தேநீர் கொடுத்தார். "ஃபாதர், மரத்தை வெட்டினாலும் அது வேற மரத்துக்குப் போய்க் கட்டும். கூடு எடுக்கிற ஆளுக்குச் சொல்லியிருக்கு. அதுவரைக்கும் அந்த இடத்துல ஆள் எறக்க வேணாம்னு சொல்றேன்" என்றார். சொன்னபடி கொஞ்ச நாள் அந்த இடத்தைத் தொடாமல் விட்டிருந்தார்கள். கூடு எடுக்கிற ஆள் வரவில்லை. பிறகு மழை பெய்து கொழுந்து தளதளவென்று வந்தது. மரத்துக்கு இந்தப் பக்கம் வரை எடுக்கலாம் என்றார்கள். பிறகு அந்தப் பக்கமும்.

அன்றைக்கு வியாழக்கிழமை. நான் மேல் லயத்தில் படுக்கையாகக் கிடந்த ஒருவருக்கு நற்கருணை கொடுத்துவிட்டுக் குறுக்குப் பாதையில் இறங்கிக்கொண்டிருந்தேன். நல்ல வெயில். தூரத்தில் பெண்களின் பேச்சுச் சத்தம் கேட்டது. அது சட்டென்று அலறலாக மாறியது. மரத்துக்கு மேலே ஒரு பருந்து கூட்டைக் குத்திக் கலைத்துவிட்டுப் பறந்தது என்று பிறகு சொன்னார்கள்; நான் அதைப் பார்க்கவில்லை. நான் பார்த்தது, தேயிலைச் செடிகளுக்கு மேலே புகை போல ஒன்று எழும்பியதையும், பெண்கள் கூடையை எறிந்துவிட்டு நாலா பக்கமும் ஓடியதையும்தான்.

நான் அவர்களை நோக்கி ஓட எத்தனித்தபோது எதிரே வந்த கங்காணி என்னைக் கீழே தள்ளினார். "படுங்க சாமி! ஆடாதீங்க!" என்று கத்திக்கொண்டே, இடுப்பில் கட்டியிருந்த படங்குச் சாக்கை அவிழ்த்து இரண்டு பேர் தலையையும் மூடினார். சாக்குக்குள் மண் வாடையும் அவர் மூச்சும். வெளியே அந்த இரைச்சல். எவ்வளவு நேரம் என்று தெரியாது. என் கையில் இரண்டு இடத்தில் கொட்டியது. நெருப்பை வைத்த மாதிரி இருந்தது. இரண்டுக்கே இப்படி.

இரைச்சல் அடங்கி எழுந்து போனபோது, மழைத்தண்ணீர் ஓடும் கான் ஓரத்தில் பெண்கள் முகம் வீங்கிக் கிடந்தார்கள். அக்கா கானுக்குள் கிடந்தாள். ஓடும்போது கால் தவறி விழுந்திருக்கிறாள். எழுந்திருக்க முடியவில்லை. தலைத் துணி கழன்று போயிருந்தது. முகத்தில் கண் எது என்று தெரியவில்லை. தலைமயிருக்குள் இன்னும் குளவிகள் ஊர்ந்துகொண்டிருந்தன. நான் கையால் எடுத்துப் போட்டேன்.

கொழுந்து ஏற்றுகிற லொறிதான் கிடைத்தது. பாதி ஏற்றிய கொழுந்துச் சாக்குகள் மேலேயே எல்லோரையும் படுக்க வைத்தோம். மற்றவர்கள் முனகிக்கொண்டும் வாந்தி எடுத்துக்கொண்டும் இருந்தார்கள். அக்கா தலை என் மடியில். அடுத்த காம்பராக்கார அம்மா, இந்துப் பெண், தனக்குக் கொட்டியதையும் பொருட்படுத்தாமல் அக்காவின் காலைத் தேய்த்துக்கொண்டே வந்தாள். லொறி ஒவ்வொரு வளைவிலும் திரும்பும்போது நாங்கள் எல்லோரும் ஒரு பக்கமாகச் சரிந்தோம்.

பாதி வழியில் அக்கா வாயைத் திறந்தாள். உதடு தடித்துப் போயிருந்ததால் குனிந்து கேட்க வேண்டியிருந்தது.

"சாமி... புள்ளைக்கிட்ட சொல்லிராதீங்க."

"பேசாதீங்க அக்கா. வந்துட்டோம்."

"நாளைக்குப் பேப்பரு. முடியட்டும். இப்ப சொல்லிராதீங்க."

"சரி" என்றேன். அதற்குப் பிறகு அவளுக்கு மூச்சு சிக்கிக்கொண்டது. கடைசிப் பூசுதலுக்குக் கையில் எண்ணெய் இல்லை. நெற்றியில் சிலுவை மட்டும் போட்டேன். கீழே சின்ன ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது டாக்டர் ஓடி வந்து லொறியிலேயே ஏறினார். ஊசி போட்டார், நெஞ்சை அமுக்கினார். நல்ல பிள்ளை, வயது குறைந்தவர். வெகுநேரம் விடவில்லை. கடைசியில் அவர் எழுந்தபோது அவர் சட்டை முழுக்கக் கொழுந்து ஒட்டியிருந்தது. மற்றப் பெண்கள் பிழைத்துக்கொண்டார்கள்.

விபத்துச் சாவு என்பதால் உடலைப் பதுளைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும் என்றார்கள். பரிசோதனை முடிந்து மறுநாள்தான் கிடைக்கும். மகளும் பதுளையில்தான் இருந்தாள்.

ஆஸ்பத்திரி வாசலிலேயே பேச்சு ஆரம்பித்துவிட்டது. அக்காவின் அண்ணன் பதுளைப் பக்கம் ஸ்பிரிங்வெளியில் இருந்தார். போனில் அழுதுகொண்டே, "நான் போய்ப் புள்ளையக் கூட்டிக்கிறேன், நீங்களும் வாங்க" என்றார். அடுத்த காம்பரா அம்மா, "அவ என்ன சொன்னான்னு நானும் கேட்டேன் சாமி. செத்தவ வாக்கு. மீறக் கூடாது" என்றாள். நான் பஸ் ஏறினேன். அவளும் வீங்கிய முகத்தோடு கூட வந்தாள். பஸ்ஸில் எல்லோரும் எங்களைப் பார்த்தார்கள். என் அங்கியில் பச்சைக் கறையும் வாந்தியும் இருந்தன.

விடுதிக்குப் பொறுப்பான சிஸ்டர் எங்களை வரவேற்பறையில் உட்கார வைத்துக் கதவைச் சாத்தினார். அவருக்கு விஷயம் முன்பே தெரிந்திருந்தது. லொறியில் நாங்கள் கிடந்த கோலத்தை யாரோ படம் எடுத்துப் போட்டிருந்தார்கள். அது அதற்குள் ஊரெல்லாம் சுற்றிவிட்டது. "பிள்ளைங்களோட போன் எல்லாம் என் அலமாரிக்குள்ள இருக்கு. அவளுக்கு இன்னும் தெரியாது" என்றார். "நாளைக்குப் புவியியல். காலையில பரீட்சை ஹோலுக்குக் கூட்டிட்டுப் போய், முடிஞ்சதும் நேரா உங்ககிட்ட கொண்டு வந்து விடுறேன். அந்தத் தாயும் அதைத்தானே கேட்டிருக்கா. ஒரு ராத்திரி பொறுக்க முடியாதா?"

அவர் சொன்னதில் தப்பில்லை. நான் நினைத்துப் பார்த்தேன். மேல் அறையில் ஒரு பிள்ளை மலையையும் ஆற்றையும் பற்றிப் படித்துக்கொண்டிருக்கிறாள். தாய் அதே ஊரில் பிணவறையில் கிடக்கிறாள். நாங்கள் எல்லோரும் தெரிந்துகொண்டு, அவளுக்கு மட்டும் தெரியாமல், காலையில் வாழ்த்தி அனுப்ப வேண்டும். பிறகு அவள் வாழ்நாள் முழுக்க அந்த ராத்திரியை நினைத்துப் பார்ப்பாள். எல்லோரும் சேர்ந்து தன்னைச் சிரிக்க விட்ட ராத்திரி.

"கூப்பிடுங்க சிஸ்டர்" என்றேன்.

அடுத்த காம்பரா அம்மா என்னைப் பார்த்த பார்வை இன்னும் என் கண்ணில் இருக்கிறது.

பிள்ளை கையில் பேனாவோடு வந்தாள். தான் அத்தை என்று கூப்பிடும் அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டாள். நான் எப்படிச் சொன்னேன் என்று எனக்கே நினைவில்லை. சுற்றி வளைக்கவில்லை என்பது மட்டும் தெரியும். அவள் உட்காரவில்லை. சுவரில் கையை வைத்துக்கொண்டாள்.  அத்தை போய்க் கட்டிப்பிடித்து ஓவென்று அழுதாள். அந்தப் பிள்ளை அவள் தோளுக்கு மேலால் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா ஏதும் சொன்னாங்களா சாமி?"

சொன்னேன். சொல்ல வேண்டாம் என்று சொன்னதையும் சேர்த்துச் சொன்னேன்.

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "அம்மாவ இன்னைக்குப் பாக்க விடுவாங்களா?" என்று கேட்டாள். விடமாட்டார்கள், நாளை மத்தியானத்துக்கு மேல்தான் என்றேன்.

"அப்ப நான் பேப்பர எழுதிட்டு வாரேன்."

 அவள் பேனாவின் மூடியைப் போட்டுக்கொண்டு படியேறிப் போனாள்.

மறுநாள் காலையில் பரீட்சை மண்டபத்துக்கு எதிரே, வீதியின் மறுபக்கம் நின்றோம். ராத்திரி ஆஸ்பத்திரியில் நின்ற அக்காவின் அண்ணன், அத்தை, நான். மற்றப் பிள்ளைகளின் பெற்றோரும் நின்றார்கள். சாப்பாட்டுப் பொதி, தண்ணீர்ப் போத்தல், செபமாலை, விபூதி. அண்ணன் என்னோடு பேசவில்லை. இந்த நேரத்தில் பிள்ளையை உள்ளே விட்டதே எங்கள் எல்லோர் புத்திக் கேடு என்று அவருக்கு ஆத்திரம். அத்தைக்கு, சொன்னதே பிசகு என்று ஆத்திரம். நான் இரண்டு பேருக்கும் நடுவில் நின்றேன்.

அவள் மற்றவர்களோடு வெளியே வந்தாள். வெளிறிப் போயிருந்தாள். ஒரு பிள்ளை சிரித்துக்கொண்டே, "மூணாவது கேள்விக்கு என்ன எழுதுன?" என்று அவள் கையைப் பிடித்தது. அவள் நின்று பதில் சொன்னாள். அதன் பிறகு வீதியைக் கடந்து எங்களிடம் வந்தாள்.

அதே வெள்ளைச் சீருடையில்தான் தாயைப் பார்த்தாள். ஆஸ்பத்திரியில் முகத்தை மூடித் தருகிறோம் என்றார்கள். வேண்டாம் என்றாள். பார்த்தாள். வேனில் வரும் வழியெல்லாம் பெட்டியின் மேல் ஒரு கையை வைத்தபடி வந்தாள். வளைவுகளில் பெட்டி அசையாமல் இருக்கப் பிடித்துக்கொள்கிறாள் என்று நினைத்தேன். நேர்ப் பாதையிலும் அந்தக் கை அப்படியேதான் இருந்தது.

அடக்கத்தன்று தோட்டம் முழுக்க வேலைக்குப் போகவில்லை. மாரியம்மன் கோயில் ஆட்கள்தான் குழி வெட்டினார்கள். மேனேஜர் மலர்வளையத்தோடு வந்து, பெட்டிக்கு முன்னால் தலை குனிந்து நின்றுவிட்டுப் போனார். யாரும் அவரை ஒன்றும் சொல்லவில்லை. வாங்க என்றும் சொல்லவில்லை. பெண்கள் ஒப்பாரி வைத்து அழும்போது அந்தப் பிள்ளை அழவில்லை. அது பேச்சாகிவிட்டது. "ஆத்தா செத்துக் கெடக்கா, பரீட்ச எழுதப் போயிருக்கா பாரு" என்று நான் கேட்கும்படியே ஒருத்தி சொன்னாள். எனக்குக் கோபம் வந்தது. கையில் புத்தகம் இருந்ததால் வாசித்துக்கொண்டே இருந்தேன்.

மீதிப் பேப்பர்களையும் எழுதினாள். சிஸ்டர் கூட்டிக்கொண்டு போய்க் கூட்டிக்கொண்டு வந்தார். முடிந்ததும் லயத்துக்கு வந்து கதவைத் திறந்து, தனியாக இருந்தாள். அப்போதுதான் அடுத்த விஷயம் தலைகாட்டியது. தோட்டத்தில் பேர் பதிந்து வேலை செய்கிற ஆள் இல்லாத காம்பராவைத் திருப்பிக் கேட்பார்கள். உடனே கேட்கவில்லை. கேட்பார்கள் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அண்ணன் தன்னோடு வந்து இருக்கச் சொன்னார். நானும் அலைந்து திரிந்து, பண்டாரவளையில் ஒரு பாலர் பாடசாலையில் அவளுக்கு ஆசிரியை வேலை பேசி வைத்தேன். தங்க இடமும் உண்டு. அந்த நல்ல செய்தியை எடுத்துக்கொண்டு போனேன்.

"வேணாம் சாமி" என்றாள்.

"ஏம்மா? உங்க அம்மா இதுக்குத்தானே பாடுபட்டாங்க?"

"இந்தக் காம்பராவ விட்டுட்டுப் போனா, எனக்குன்னு திரும்பி வாறதுக்கு எடம் எது? லீவுக்கு எங்க வருவேன்? மாமா வீட்டு இஸ்தோப்புத் திண்ணையிலயா படுப்பேன்? அம்மா இங்கதானே கெடக்குறாங்க."

அந்த வாரமே பேர் பதிந்துகொண்டாள். தாயின் கூடை, தாயின் படங்கு, தாய் போன அதே கூட்டம். காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் இடத்தைப் பெரட்டுக்களம் என்பார்கள். அங்கே வரிசையில் அவள் நின்றதைப் பாதையிலிருந்து பார்த்தேன். தலைக் கயிறு பழக்கமில்லாமல் கழுத்தை ஒரு பக்கமாகச் சாய்த்துக்கொண்டிருந்தாள். சில மாதம் கழித்துப் பரீட்சை முடிவு வந்தது. எல்லாப் பாடமும் பாஸ். புவியியலில்தான் குறைவு. பல்கலைக்கழகத்துக்குக் கொஞ்சம்தான் தவறிப்போனது. இன்னொரு முறை எழுதச் சொல்லி நானும் சிஸ்டரும் மாறி மாறிச் சொன்னோம். பார்ப்போம் என்றாள். எழுதவில்லை.

கோயிலுக்கு வருவதையும் நிறுத்திவிட்டாள். முதலில் வேலை அலுப்பு என்று நினைத்தேன். பிறகு பெரிய வியாழனுக்கும் வரவில்லை, ஈஸ்டருக்கும் வரவில்லை. நான் கேட்கவில்லை. கோயிலைக் கூட்ட வேறொருவர் வந்தார். பீடத் துணிகளை நானே அடுப்புக்கு மேலே காயப்போடப் பழகிக்கொண்டேன்.

ஒரு மழைச் சாயங்காலம் அந்த லயத்தில் நோயாளி ஒருவரைப் பார்க்கப் போனவன், திரும்பும்போது அவள் வாசலில் நின்றேன். உள்ளே கூப்பிட்டாள். அடுப்பில் தண்ணீர் வைத்தாள். அவள் விரல்கள் கறுத்து, நகக் கண்கள் வெடித்திருந்தன. எல்லாக் கொழுந்துக்காரிகளின் விரலும் அப்படித்தான் இருக்கும். தாய் மாதாவிடம் கேட்டது என் நினைவுக்கு வந்தது. நான் பார்ப்பதை அவள் கவனித்தாள்.

"என் மேல கோவமாம்மா?" என்று கேட்டுவிட்டேன்.

அவள் தேத்தண்ணியை ஆற்றி என் முன்னால் வைத்தாள்.

"அன்னைக்கு நீங்க சொல்லாம இருந்திருந்தா அந்தப் பேப்பர நல்லா எழுதியிருப்பேன் சாமி. கேள்வியெல்லாம் எனக்குத் தெரிஞ்சதுதான். வாசிக்கிறேன், எழுத்து ஓடுது, ஒண்ணும் மண்டையில ஏறல."

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"ஆனா சொல்லாம இருந்திருந்தீங்கன்னா, உங்கள ஆயுசுக்கும் மன்னிச்சிருக்க மாட்டேன்."

"அப்ப நான் என்ன செஞ்சிருக்கணும்?"

"தெரியல சாமி. நானும் யோசிச்சுப் பாத்துட்டேன்." அவள் அடுப்பைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துகொண்டாள். "கோயிலுக்கு வந்தா அங்க அம்மா வெளக்குமாத்தோட நிக்கிற மாதிரியே இருக்கு. அதான் வாறதில்ல. கோவம் இல்ல."

அதை நம்புவதா வேண்டாமா என்று எனக்குத் தெரியவில்லை. செபம் சொல்லட்டுமா என்று கேட்க வந்து, கேட்காமல் தேத்தண்ணியைக் குடித்தேன். சீனி போடாத சாயத்தண்ணி. என் உள்ளங்கையில் கொஞ்சம் சர்க்கரையை வைத்துக் கொடுத்தாள். அவர்கள் குடிக்கிற மாதிரி நக்கி நக்கிக் குடித்தேன்.  மழை தகரத்தில் விழுந்துகொண்டே இருந்தது.

மூன்று வருஷம் என்று வந்தவன் இன்னும் அங்கேதான் இருக்கிறேன். திரும்பிப் போக விருப்பமா என்று சபைத் தலைவர் கேட்டபோது, இப்போதைக்கு இல்லை என்று சொன்னேன். காரணம் கேட்டார்.  அந்தப் பிள்ளை தினமும் காலையில் கோயில் பாதையால்தான் மலைக்குப் போகிறாள். முற்றத்தில் நான் நின்றால், "வாறேன் சாமி" என்று சொல்லிவிட்டுப் போவாள். சில நாள் தலையைக் குனிந்துகொண்டு பேசாமலே போவாள்.